உயில் இருக்கிறது, புரொபேட் இனி கட்டாயமில்லை: எந்த வழியில் போகலாம்?

சென்னையில் வீடு வைத்திருந்த ஓர் இந்து உயில் எழுதிவைத்துவிட்டு இறந்தால், அந்த உயிலை வைத்து உரிமை கோர உயர் நீதிமன்றத்தில் புரொபேட், அதாவது உயில் உண்மையானது என்று கோர்ட் தரும் ஆணை, வாங்கியே ஆக வேண்டும் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 213ஆம் பிரிவு. வெள்ளைக்காரன் காலத்துச் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று நகரங்களை மனத்தில் வைத்து எழுதிய விதி அது. அதனால் மயிலாப்பூரில் எழுதிய உயிலுக்குப் புரொபேட் வேண்டும். திருச்சியில் உட்கார்ந்து திருச்சி நிலத்துக்கு எழுதிய உயிலுக்கு வேண்டாம். முஸ்லிம்களை அந்தப் பிரிவு தொடவில்லை. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002இல் விலக்கு கிடைத்தது. மிச்சமிருந்தவர்கள் இந்துக்கள், பௌத்தர்கள், சீக்கியர்கள், சமணர்கள், பார்சிகள்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்த 213ஆம் பிரிவையே நீக்கிவிட்டது. ‘அப்பாடா, கோர்ட் தொல்லை விட்டது’ என்று நிம்மதி அடைந்தவர்கள் நிறைய. ஆனால் நீக்கப்பட்டது கட்டாயம் மட்டும்தான். புரொபேட் வாங்கும் வழி திறந்தேதான் இருக்கிறது. முன்பு சட்டமே முடிவெடுத்துக் கொடுத்தது. இப்போது குடும்பம் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும்.

முடிவெடுக்க இரண்டு கேள்விகள் போதும் என்பது என் கருத்து. யார் ஆட்சேபிக்கக்கூடும்? நீங்கள் நீட்டும் காகிதத்தை யார் ஏற்றுக்கொள்ள வேண்டும்? சொத்தின் மதிப்பு, கோர்ட் கட்டணம், வக்கீல் பீஸ் எல்லாம் இதற்குப் பிறகு வரும் விஷயங்கள். பலர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள்: எது மலிவு என்று பார்த்து அதை வாங்கிவிட்டு, வங்கியோ வீடு வாங்க வந்தவரோ அதை ஏற்காதபோதுதான் இந்தக் கேள்விகளுக்கு வருகிறார்கள்.

பேச வசதியாக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். இறந்தவர் அப்பா. அம்மா இருக்கிறார். ஒரு மகன், இரண்டு மகள்கள். சென்னையில் அப்பா பெயரில் ஒரு வீடு, வங்கியில் 12 இலட்சம் வைப்புத்தொகை, கொஞ்சம் பங்குகள். கூடவே அப்பாவின் அம்மாவும் உயிரோடு இருக்கிறார். இந்தக் கடைசி ஆளைத்தான் எல்லோரும் மறந்துவிடுவார்கள். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, பிள்ளைகளோடு அவருடைய தாயும் முதல் வகுப்பு வாரிசு. பிள்ளைக்குச் சமமான பங்கு அவருக்கும் உண்டு. தந்தை அப்படியில்லை, அவர் இரண்டாம் வகுப்பு. கிறிஸ்தவக் குடும்பமானால் கணக்கே வேறு: மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு, பிள்ளைகள் இருக்கும்போது தாய்க்கு ஒன்றுமில்லை.

உயில் இருந்தால்

முதல் வழி, உயிலையே எடுத்துக்கொண்டு நேரே அலுவலகம் அலுவலகமாகப் போவது. இறப்புச் சான்று, உயில், வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம். தாலுகா அலுவலகத்தில் பட்டா மாறுதல், மாநகராட்சியில் சொத்து வரிப் பெயர் மாற்றம், மின் இணைப்பு எல்லாம் இந்தக் கட்டோடு நகரும். 213ஆம் பிரிவு போனதால் சென்னைக்காரர்களுக்கும் இனி இது சட்டப்படியே சரியான வழி. எல்லோரும் ஒத்துப்போகும் குடும்பத்தில் இதைவிடச் செலவு குறைந்தது இல்லை.

ஆனால் இதில் இரண்டு ஓட்டைகள். ஒரே ஒரு வாரிசு ‘எனக்குச் சம்மதமில்லை’ என்று எழுதிக் கொடுத்தால் போதும், தாசில்தார் கோப்பை மூடிவிட்டு சிவில் கோர்ட்டைக் காட்டுவார். உயில் உண்மையா பொய்யா என்று முடிவுசெய்யும் அதிகாரம் அவருக்கு இல்லை. அவரைக் குறைசொல்லவும் முடியாது. இரண்டாவது ஓட்டை பலருக்குத் தெரியாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் உயில்கள் பதிவாவது 3ஆம் புத்தகத்தில். விற்பனை, பாகப்பிரிவினை போன்ற பத்திரங்கள் 1ஆம் புத்தகத்தில். வில்லங்கச் சான்று எடுத்தால் 1ஆம் புத்தகத்தில் இருப்பதுதான் வரும். ஆகவே அப்பா உயிலைப் பதிவே செய்திருந்தாலும், வில்லங்கம் போட்டுப் பார்ப்பவருக்கு வீடு இன்னும் அப்பா பெயரில்தான் தெரியும். அவர் இறந்துவிட்டார் என்பதோ சின்ன மகளுக்கு எழுதிவைத்தார் என்பதோ அதில் இருக்காது. வாங்க வருபவரின் வக்கீல், அல்லது அவருக்குக் கடன் தரும் வங்கியின் வக்கீல், இந்த இடத்தில்தான் நின்று கேள்வி கேட்பார். பட்டா இருக்கிறதே என்றால், பட்டா உரிமைப் பத்திரம் ஆகாது என்பார். அதுவும் சரிதான்.

இதற்கு ஒரு மருந்து உண்டு. குடும்பம் ஒத்துப்போகிறது என்றால், மற்ற வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து உயிலை ஒப்புக்கொண்டு, தங்களுக்கு ஏதேனும் உரிமை இருந்தால் அதையும் விட்டுக்கொடுத்து, உயில்படி வீடு பெறுபவருக்கு ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவுசெய்துவிடலாம். அது 1ஆம் புத்தகத்தில் ஏறும், வில்லங்கத்தில் தெரியும். கோர்ட் வாசல் மிதிக்காமலே புரொபேட்டின் பயனில் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது. ஒத்துப்போகும் குடும்பத்துக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். கையெழுத்துப் போட வேண்டியவர்களில் பாட்டியையும் விட்டுவிடக் கூடாது.

இரண்டாவது வழி புரொபேட். உயிலில் எக்ஸிக்யூட்டர், அதாவது உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளர், என்று பெயர் குறிப்பிடப்பட்டவருக்கு மட்டும்தான் புரொபேட் கிடைக்கும். அப்படி யாரையும் உயில் குறிப்பிடவில்லை என்றால், அல்லது குறிப்பிட்டவர் இறந்துவிட்டார், மறுத்துவிட்டார் என்றால், உயிலை இணைத்து ‘லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன்’ என்ற நிர்வாக ஆணை கேட்க வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒரே பாதை. சென்னை நகரத்துக்கு உயர் நீதிமன்றம், வெளியூர்களில் மாவட்ட நீதிமன்றம். இறந்து 7 நாட்கள் ஆவதற்கு முன் புரொபேட்டும், 14 நாட்கள் ஆவதற்கு முன் நிர்வாக ஆணையும் தர முடியாது என்று சட்டம் சொல்கிறது. யாருக்கும் அவ்வளவு சீக்கிரம் கிடைக்கப்போவதில்லை என்பதால் அந்தத் தடை பெயரளவில்தான்.

மனுவோடு அசல் உயில், சொத்துப் பட்டியல், உயிலில் சாட்சிக் கையெழுத்திட்டவர்களில் ஒருவரின் உறுதிமொழி. வாரிசுகள் எல்லோருக்கும் அறிவிப்பு போகும், பத்திரிகையில் விளம்பரம் வரும். யாரும் எதிர்க்கவில்லை என்றால் மாதக்கணக்கில் முடியும், சில நேரம் வருடத்தைத் தாண்டும். யாராவது கேவியட் என்ற ஆட்சேப மனு போட்டு எதிர்த்தால் சென்னை உயர் நீதிமன்றத்தில் அந்த மனு டி.ஓ.எஸ். என்ற உயில் வழக்காக மாறிவிடும். சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணை, பிறகு மேல்முறையீடு. அப்போது ஆண்டுக்கணக்குதான்.

இவ்வளவு இழுத்தடிப்பை எதற்காகத் தாமே தேடிப்போக வேண்டும்? புரொபேட் கிடைத்துவிட்டால் உயில் உண்மையானது என்பது ஊருக்கே செல்லும் தீர்ப்பு. மனுவில் எதிர்த்தரப்பாக நின்றவர்களுக்கு மட்டுமல்ல, உலகத்துக்கே. புரொபேட் இல்லாத உயிலையோ ஒவ்வொரு முறை தகராறு வரும்போதும் புதிதாக நிரூபிக்க வேண்டும். சட்டப்படி உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும், அவர்களில் ஒருவராவது கோர்ட்டில் வந்து சாட்சி சொல்ல வேண்டும். இன்றைக்கு அவர்களுக்கு எழுபது வயது என்று வையுங்கள். எட்டு வருஷம் கழித்து ஒரு அண்ணன் பாகப்பிரிவினை வழக்குப் போடும்போது அவர்கள் இருப்பார்களா? இல்லாவிட்டால் சாட்சியின் கையெழுத்தையும் எழுதியவரின் கையெழுத்தையும் வேறு ஆட்களை வைத்து நிரூபிக்க வேண்டிவரும். முடியாதது இல்லை, ஆனால் வழக்கு பலவீனமாகத்தான் நிற்கும். புரொபேட்டின் உண்மையான பயன், சாட்சி உயிரோடு இருக்கும்போதே அவர் சொல்வதைப் பதிவுசெய்து விஷயத்தை முடித்துவைப்பது. கட்டாயம் போய்விட்ட பிறகு இந்தக் கணக்கைச் சட்டம் நமக்காகப் போடாது.

ஆகவே நான் புரொபேட் பக்கம் சாய்வது இந்த நிலைகளில்: உயில் ஒரு வாரிசைக் கைகழுவியிருந்தால், அல்லது ஒருவருக்கு ரொம்ப அதிகமும் மற்றவருக்கு ரொம்பக் குறைவும் கொடுத்திருந்தால், சாட்சிகள் முதியவர்களாக இருந்தால், உயிலால் பயன்பெறுபவரே அதை எழுதும் வேலையில் முன்நின்றிருந்தால். கடைசியாகச் சொன்னது முக்கியம். அப்படிப்பட்ட சந்தேகச் சூழல்களை விளக்கிப் போக்க வேண்டிய பொறுப்பு உயிலைக் கொண்டுவருபவருடையது என்று 1959லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. படுக்கையில் கிடந்த அப்பாவிடம் மகன் பத்திர எழுத்தரை அழைத்துவந்து எழுதிய உயில் இன்று யாரும் கேட்காமல் நகரலாம். கேட்கும் நாள் வந்தால் விளக்கம் தயாராக இருக்க வேண்டும்.

மறுபுறம், புரொபேட்டால் ஆகாத காரியங்களும் உண்டு. உயில் உண்மையா என்பதை மட்டும்தான் அந்தக் கோர்ட் பார்க்கும். வீடு அப்பாவுடையதா, பூர்விகச் சொத்தா, அம்மாவின் பணத்தில் வாங்கியதா என்பதை அது தொடாது. தன்னுடையதல்லாத வீட்டை ஒருவர் உயிலில் எழுதி, அதற்குப் புரொபேட்டும் கிடைத்தாலும் வீடு கிடைத்துவிடாது. இந்த வகைச் சண்டை வீட்டுக்குள் இருந்தால் புரொபேட்டில் பணத்தைக் கொட்டுவதற்கு முன் மூலப் பத்திரத்தை ஒரு நல்ல வக்கீலிடம் காட்டுங்கள்.

மனுவில் ஒரு வாரிசின் பெயரை ‘அவன் எங்கே வரப்போகிறான்’ என்று விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். அறிவிப்பு தரப்பட வேண்டியவருக்குத் தராமல் வாங்கிய புரொபேட்டைப் பின்னால் ரத்துசெய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வாங்கியவருக்கும் வேலை முடிந்துவிடுவதில்லை: 6 மாதத்துக்குள் சொத்து விவரப் பட்டியலும், ஓராண்டுக்குள் கணக்கும் கோர்ட்டில் தாக்கல்செய்ய வேண்டும். தள்ளிப்போடுவதும் நல்லதல்ல. 3 ஆண்டுக் காலவரம்பு விதி புரொபேட் மனுவுக்கும் பொருந்தும் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த 3 ஆண்டு எந்த நாளில் தொடங்குகிறது என்பதில் வாதத்துக்கு இடமிருக்கிறது. ஆனால் வாதம் செய்யும் நிலைக்கு ஏன் போக வேண்டும்?

உயில் இல்லையென்றால்

புரொபேட் என்ற பேச்சே இல்லை. நிரூபிக்க உயில் இருந்தால்தானே. இங்கே முதலில் வாங்க வேண்டியது வாரிசுச் சான்று. இ-சேவை வழியாக விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரித்து, தாசில்தார் தருவது. யார் யார் வாரிசு என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. யாருக்கு எவ்வளவு, எந்தச் சொத்து என்று அது சொல்லாது. இரண்டாம் திருமணம், தத்துப் பிள்ளை மாதிரிச் சிக்கல் தெரிந்தால் தாசில்தார் தராமல் கோர்ட்டுக்கு அனுப்பிவிடுவார்.

வீடு நிலத்தைப் பொறுத்தவரை வாரிசுச் சான்றுக்கு அடுத்த படி பாகப்பிரிவினைப் பத்திரமோ விடுதலைப் பத்திரமோதான். தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினர்களுக்குள் என்றால் இதற்கு முத்திரைத் தீர்வை 1%, பதிவுக் கட்டணம் 1%. 2023 ஜூலையிலிருந்து உச்சவரம்பு முறையே 40,000 ரூபாயும் 10,000 ரூபாயும். வெளியாளுக்கு விற்கும்போது ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமேயில்லை. ஒருவர் வீட்டை வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பணம் தருவதானால் விடுதலைப் பத்திரம். ஆளுக்கொரு பாகம் என்றால் பாகப்பிரிவினை. ‘வாயால் பேசிப் பிரித்துக்கொண்டோம்’ என்பதைக் கோர்ட் ஏற்ற வழக்குகள் உண்டு. பத்திரம் எழுத ஆகும் செலவை மிச்சம்பிடிக்க அதை நம்பாதீர்கள். அடுத்த தலைமுறைக்கு அந்தப் பேச்சு நினைவிருக்காது.

வாரிசுகளில் ஒரு மைனர் இருந்தால் மேலே சொன்னது அப்படியே நடக்காது. இறந்த மகனின் பங்கு அவன் பிள்ளைக்கு வந்திருக்கும் குடும்பங்களில் இது சாதாரணம். மைனரின் பங்கை விட்டுக்கொடுக்கவோ விற்கவோ கோர்ட் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் அம்மா போட்ட கையெழுத்தை அந்தப் பிள்ளை பெரியவனானதும் ரத்துசெய்யக் கேட்கலாம்.

பணம் வேறு விஷயம். வங்கி வைப்பு, பங்கு, கடன் பத்திரம், இறந்தவருக்கு மற்றவர்கள் தர வேண்டிய கடன் ஆகியவற்றுக்குத்தான் சக்சஷன் சர்டிபிகேட். இது தாசில்தார் தரும் வாரிசுச் சான்று அல்ல; கோர்ட் தருவது. வீட்டுக்கும் நிலத்துக்கும் இது செல்லாது. இதற்கும் விளம்பரம், காத்திருப்பு, சொத்து மதிப்பைப் பொறுத்த கோர்ட் கட்டணம் எல்லாம் உண்டு. வங்கிகள் இதை விரும்பக் காரணம், இதை நம்பிப் பணம் கொடுத்தவரைச் சட்டம் பாதுகாக்கிறது என்பதுதான்.

ஆனால் நம் குடும்பத்தின் 12 இலட்சத்துக்கு இதற்கெல்லாம் அலைய வேண்டியதில்லை. நாமினி இருந்தால் வங்கி அவரிடம் கொடுத்துவிடும். நாமினி இல்லாவிட்டாலும், தகராறு இல்லாத நிலையில், வணிக வங்கிகள் 15 இலட்சம்வரையும் கூட்டுறவு வங்கிகள் 5 இலட்சம்வரையும் சக்சஷன் சர்டிபிகேட் கேட்காமல் எளிய நடைமுறையில் தர வேண்டும் என்று 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதி கொண்டுவந்தது. வங்கிகளுக்குக் கொடுத்த கெடு 2026 மார்ச் 31. காகிதங்கள் முழுமையாக வந்தபின் 15 நாட்களில் முடிக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. கவுண்ட்டரில் ‘கோர்ட் ஆர்டர் வேணும்’ என்று சொன்னால் அந்த விதியைக் காட்டிக் கேளுங்கள், மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.

நாமினி பற்றி ஒரு வார்த்தை. நாமினியாக இருப்பவருக்கே பணம் சொந்தம் என்ற நம்பிக்கை அசைக்க முடியாததாக இருக்கிறது. வங்கியைப் பொறுத்தவரை அவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவர், அவ்வளவுதான். உரிமை, உயில்படியோ வாரிசுரிமைச் சட்டப்படியோதான் போகும். பங்குகளுக்கும் இதுவே நிலை என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் அவர்களுக்கே பலன் என்று சட்டம் சொல்கிறது. அங்கும் கோர்ட்டுகள் ஒரே குரலில் பேசவில்லை. 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர்வரை நாமினி போடலாம். இன்னும் உயிரோடு இருப்பவர்கள் பயன்படுத்திக்கொள்ள வேண்டிய வசதி.

நாமினியாக இருக்கும் மகன் 12 இலட்சத்தையும் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டால்? அக்கா தங்கைகள் தங்கள் பங்குக்கு வழக்குப் போடலாம், ஜெயிக்கவும் கூடும். அந்தக் கூத்து வேண்டாம் என்றால் பணம் வந்த நாளிலேயே பிரித்து வங்கி வழியாக அனுப்பிவிட்டு, பெற்றுக்கொண்டதற்கு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இதே வரிசையில் செய்யக் கூடாத இன்னொன்று: இறந்தவரின் ஏ.டி.எம். கார்டில் பணம் எடுப்பதும், அவர் கொடுத்திருந்த பவர் பத்திரத்தை வைத்துச் சொத்தை விற்பதும். பவர் கொடுத்தவர் போனதும் பவரும் போய்விட்டது.

உயில் இல்லாமலே நிர்வாக ஆணை கேட்கும் வழியும் உண்டு. சொத்துகள் பல இடங்களில் சிதறிக்கிடந்து, வாடகை வசூலிக்க, கடன் அடைக்க, வழக்கு நடத்த ஒருவர் அதிகாரத்தோடு நிற்க வேண்டும் என்ற நிலையில் அது பொருத்தம். பிணைப் பத்திரம் கொடுக்க வேண்டும், கணக்கு ஒப்படைக்க வேண்டும். ஒரு வீடும் ஒரு வைப்புத்தொகையும் உள்ள குடும்பத்துக்கு அது தேவையில்லாத பாரம். பாகப்பிரிவினை வழக்கைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. வேறு எதுவும் நடக்காதபோது போகும் இடம். வழக்குப் போட்ட பிறகும் சமரசத்துக்கு இடம் உண்டு.

இப்போது நம் குடும்பத்துக்கு

அப்பா வீட்டைச் சின்ன மகளுக்கு எழுதிவிட்டார், அண்ணனும் அக்காவும் அம்மாவும் பாட்டியும் மனப்பூர்வமாக ஒத்துக்கொள்கிறார்கள் என்றால்: வாரிசுச் சான்று, எல்லோரும் கையெழுத்திட்ட விடுதலைப் பத்திரம், பட்டா மாறுதல். புரொபேட் வேண்டாம். அண்ணன் ‘பார்க்கலாம்’ என்று மழுப்புகிறார் என்றால், சாட்சிகள் இருவரும் நடமாடும்போதே புரொபேட் மனு போட்டுவிடுவது புத்திசாலித்தனம். அவர் கேவியட் போடுவார் என்று பயந்து காத்திருந்தால், அதே சண்டை பின்னால் சாட்சி இல்லாமல் வரும். உயிலே இல்லை என்றால் ஐந்து பேருக்கும் சம பங்கு; வீட்டை வைத்துக்கொள்பவர் மற்ற நால்வருக்கும் பணம் கொடுத்து விடுதலைப் பத்திரம் வாங்குவது நல்ல முடிவு. பாட்டி இதற்குள் இறந்துவிட்டால் அவர் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகும்; அதாவது அத்தையும் சித்தப்பாவும் மேஜைக்கு வருவார்கள். பாட்டி இருக்கும்போதே பத்திரத்தை முடித்துவிடச் சொல்வது இதனால்தான்.

பங்குகளுக்குத் தனி விண்ணப்பம். டீமேட் கணக்கில் நாமினி இருந்தால் எளிது. வருமான வரிக் கணக்கை இறந்தவர் சார்பில் வாரிசு ஒருவர் பதிவுசெய்துகொண்டு தாக்கல்செய்ய வேண்டும். இறந்தவர் விட்டுச்சென்ற சொத்துக்கென்று தனி வரி இந்தியாவில் 1985இலிருந்து இல்லை. அப்பாவின் கடன்களுக்கு அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுகள் பொறுப்பு. கடன் கொடுத்தவர் வந்து மிரட்டினால் பயந்து சொந்தப் பணத்தில் கட்ட ஓட வேண்டாம்.

வாரிசுகளில் ஒருவர் சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருந்தால், கையெழுத்துக்காக அவர் பறந்துவர வேண்டியதில்லை. அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பவர் பத்திரத்தை அனுப்பினால் போதும். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். தபால் உறையைத் தேதியோடு பத்திரமாக வையுங்கள், எப்போது வந்தது என்று கேட்டால் காட்ட அதுதான் இருக்கும்.